கேட்காமல் எடுத்துக்கொண்ட எண்

காலை ஏழரைக்கு முதல் கட்டில் பெரியவரை எழுப்பப் போன நர்ஸ், அவர் கையைத் தொட்டதும் பின்வாங்கினாள். கை சில்லிட்டுப் போயிருந்தது. ஒரு நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டிய வலி மருந்து, பாட்டிலில் அடிமட்டத்துக்கு வந்திருந்தது.

பத்து மணிக்கு வந்து சேர்ந்தாள் 'சந்தேகம்'. மருந்து ஏற்றும் கருவியைச் செய்த கம்பெனியில் சோதனைப் பிரிவு அவளுடையது. அவளைச் சொந்தப் பெயரில் கூப்பிட்டவர்கள் அங்கே யாருமில்லை. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே அலுத்துப்போனவள், நாற்காலியைப் பார்த்ததும் முதலில் உட்கார்ந்தாள்.

"இதுல பெருசா ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த சிஸ்டர் பெரியவரோட எடையைத் தப்பா அழுத்தியிருக்காங்க. அதே பாட்டில், அதே எடை வெச்சு நாலஞ்சு தடவை பார்த்துட்டேன். மெஷின் சரியாத்தான் சொல்லுது."

"நான் தப்பா அழுத்தல," என்றாள் நர்ஸ். அழுது ஓய்ந்த குரல். பழி அவள் தலையில் விழுந்தால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

ஜன்னலோரம் நின்ற கம்பெனிப் புரோகிராமர், சந்தேகத்தின் தங்கை புருஷன். அவள் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்தவன். கீழ்த்தளத்தில் புதுக் கருவி மாட்ட வந்தவன், செய்தி கேட்டுப் போலீசுக்கு முன்னாலேயே மேலே ஓடி வந்திருந்தான்.

"மெஷின்ல கோளாறு இல்லக்கா," என்றான்.

அறையின் இரண்டு கட்டிலுக்கும் பொதுவாக, நடுவில் ஒரே கருவி, ஒரே தொடுதிரை. சந்தேகம் எழுந்து போய் அதைத் தொட்டாள். பீப் என்று அது போட்ட அலறலில் நர்ஸ் திடுக்கிட்டாள்.

"எப்பவும் இப்படித்தான் கத்துமா சிஸ்டர்?"

"இல்ல மேடம். பெரியவருக்குத் தூக்கம் கெடுதுன்னு நேத்தே சத்தத்தைக் குறைச்சு வெச்சேன்."

"அப்புறம் கூட்டினீங்களா?"

"இல்லையே."

சந்தேகம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். இந்த வேலையை இன்றைக்கு வேறு யாராவது பார்த்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"ராத்திரி என்ன செஞ்சீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

"பெரியவர் பாட்டிலை ஸ்கேன் பண்ணேன். எடை போட்டேன். ஸ்டார்ட் அழுத்தறதுக்குள்ள பக்கத்துக் கட்டில்ல மருந்து தீர்ந்துடுச்சு. அங்க புதுப் பாட்டில் மாத்தி, ஸ்கேன் பண்ணிட்டு வந்து பெரியவருக்கு ஸ்டார்ட் அழுத்தினேன்."

பக்கத்துக் கட்டில்காரரைக் காலையிலேயே வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் பாட்டில் அந்தக் கட்டிலருகேயே தொங்கியது. மருந்து ஒன்றுதான், வீரியம் மட்டும் பெரியவருடையதில் நாலில் ஒரு பங்கு.

சந்தேகம் பெரியவர் பாட்டிலை ஸ்கேன் செய்தாள். எடையைப் போட்டாள். பக்கத்துப் பாட்டிலை ஸ்கேன் செய்துவிட்டு வந்து பெரியவருக்கான ஸ்டார்ட்டை அழுத்தினாள். மருந்து ஏறும் வேகம் நாலு மடங்கு என்று காட்டியது திரை.

"அதே எடைதானே சார் கொடுத்தேன்? பதில் மட்டும் ஏன் மாறுது? நாம கையில கொடுக்காத ஒரு எண்ணை இந்தக் கணக்கு தானா எடுத்துக்குது. கடைசியா ஸ்கேன் பண்ண பாட்டிலோட வீரியம். அது எந்தக் கட்டில் பாட்டில்னு அதுக்குக் கவலையே இல்ல. வீரியம் குறைஞ்ச மருந்துன்னு நினைச்சு நாலு மடங்கு வேகமா விட்டிருக்கு. மெஷினுக்குள்ள இந்தக் கணக்கைப் போடற புரோகிராம் துண்டு, ஃபங்ஷன்னு சொல்லுவோம், அது எடை, டாக்டர் சொன்ன அளவு, மருந்தோட வீரியம் மூணையும் கேட்டு வாங்கணும். எழுதினவர் ரெண்டைக் கேட்டுட்டு, மூணாவதை ரெண்டு கட்டிலுக்கும் பொதுவான இடத்துல போட்டு வெச்சிருக்கார். யார் வேணாலும் வந்து மாத்திட்டுப் போகலாம்."

"இவ்வளவு நேரம் எனக்குச் சரியா வந்துச்சே?"

"நீங்க பக்கத்துப் பாட்டிலைத் தொடல. அது மட்டுமில்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ மெஷினை அணைச்சுப் போட்டிருக்காங்க. அணைச்சா கடைசியா பார்த்த பாட்டில் மறந்துபோயிடும், தடயமும் போயிடும். குறைச்சு வெச்ச சத்தமும் பழையபடி ஏறிடும். அதைத்தான் அவங்க கவனிக்கல. அணைக்கக் கம்பெனிச் சாவி வேணும் சார். காலையில இந்தக் கட்டடத்துல அது ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"முதல்ல இந்த மெஷினுக்கு ஒரு கட்டில்தான்க்கா," என்றான் புரோகிராமர். குரல் உள்ளே போயிருந்தது. "வீரியத்தைத் தனியா கேட்க வேண்டிய அவசியமே வரல. ரெண்டு கட்டில்னு ஆனப்ப, அந்த ஃபங்ஷனைக் கூப்பிடற எல்லா இடத்துலயும் கை வைக்க வேண்டியிருந்துச்சு. அடுத்த தடவை பார்த்துக்கலாம்னு விட்டேன்."

"அது தப்பு. தப்பு யாருக்கும் வரும். காலையில சாவியைப் போட்டு அணைச்சியே, அப்ப உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் இந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போகட்டும்னு நின்னுட்டிருந்த."

நர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவளைத் தேற்றப் போக நினைத்த சந்தேகம், பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள்.

"வாங்க தம்பி," என்று இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தொட்டார்.

இருவரும் வாசலைத் தாண்டும்போது அவள் கைபேசி அடித்தது. தங்கை.

"அக்கா, அவரும் அங்கதான் இருக்காராமே? மதியம் ரெண்டு பேரும் சேர்ந்தே வந்துடுங்க. சமைச்சு வெச்சிருக்கேன்."

பொய் சொல்லவும் தெம்பில்லை அவளுக்கு.

"நான் மட்டும் வரேன்மா," என்றாள்.