ஓணாங்கரட்டுக்கு முன்னால் ஓர் ஆடு

காலையில் பல் துலக்கும்போதே ஐந்து மலைகளைப் பார்த்து முடித்துவிடுவது எங்கள் விடுதி வழக்கம். சில நாள் மலைக்குப் பதில் ஏரி வரும், ஆறு வரும். எதுவானாலும் ஐந்தையும் பார்த்தால்தான் போன் திறக்கும். ஒவ்வொரு படத்தையும் பன்னிரண்டு நொடி பார்க்க வேண்டும். திரையின் மேல் விளிம்பில் இருக்கும் கண்தடம் நம் கருவிழி எங்கே போகிறது என்று குறித்துக்கொண்டே இருக்கும். நுரையைத் துப்பக் குனிந்தால் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் காலை ஏழு மணிக்குக் குழாயடியில் முப்பது பேர் வாய் நிறைய நுரையோடு, மிகுந்த தேசபக்தியுடன், அசையாமல் நிற்பார்கள்.

பன்னிரண்டாம் நொடியில் இரண்டு பொத்தான்கள் தோன்றும். 'இருக்கிறது' ஒன்று, 'சந்தேகம்' ஒன்று. பெரும்பாலும் எல்லோரும் 'இருக்கிறது' அழுத்துவார்கள். அது பெரிதாகவும் பச்சையாகவும் இருக்கும். ஈரக் கட்டைவிரலுக்கு வாகாகவும் இருக்கும்.

என் அப்பா ரித்விக்கின் இளமையில் (பழங்காலத்துப் பெயர்தான், எனக்கு நவீனமாக நாச்சிமுத்து என்று வைத்தார்) எந்தப் படத்தையும் இயந்திரமே வரைந்து தள்ளியதாம். தூர்ந்துபோன ஏரிகள் படத்தில் அலையடித்தன. வெட்டி முடித்த காடுகளில் மயில் ஆடியது. எதை நம்புவது என்று தெரியாமல் போனதும் நேர்க்காட்சிச் சட்டம் வந்தது. இயந்திரத்தின் சாட்சி எங்கும் செல்லாது. மனிதக் கண்ணின் சாட்சி மட்டுமே செல்லும். ஒவ்வொரு மலைக்கும் வாரம் ஒரு படம். குறித்த நிலைப்புள்ளியில் நின்று, அரசு முத்திரையிட்ட கேமராவால் மனிதர் எடுக்க வேண்டும். அதைப் பன்னிரண்டாயிரம் பேருக்கு அனுப்புவார்கள். அத்தனை பேரும் பொத்தானை அழுத்தி முடித்தால் அந்த வாரச் சான்று முடிந்தது. அவர்களில் கால்வாசிப் பேர் 'சந்தேகம்' என்றாலோ, பன்னிரண்டு நொடிக்கு முன்பே கண்ணைத் திருப்பினாலோ, மலை சந்தேகப் பட்டியலுக்குப் போய்விடும். அங்கே போன மலையைக் குத்தகைக்கு விடலாம், உடைக்கலாம். இருக்கிறதா என்றே தெரியாத மலையை உடைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது சட்டத்தின் வாதம்.

இதனால்தான் எங்கள் கல்லூரியில் முன்புலவியல் என்று ஒரு துறை இருக்கிறது. வெறும் மலையை மனிதன் சராசரியாக நான்கு நொடிதான் பார்க்கிறான். பிறகு சலித்துவிடுகிறது. மீதி எட்டு நொடிக்கு அவனைப் பிடித்துவைக்க மலைக்கு முன்னால் ஏதாவது வேண்டும். அதற்குப் பெயர் முன்பொருள். பாறை, குட்டைத் தண்ணீர், பூத்த ஆவாரஞ்செடி, கைவிடப்பட்ட ஸ்கூட்டர். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கு, அகல லென்ஸ் போடு, முன்பொருளுக்கு மூன்றடியில் நில், அதுவும் மலையும் ஒரேபோலத் துலங்கும்படி லென்ஸின் துவாரத்தைச் சுருக்கு. முதலாண்டுப் பாடம் அவ்வளவுதான்.

எங்கள் துறைத்தலைவி தன்யஸ்ரீ மேடம் இதை எளிமையாகச் சொல்வார்: "பொண்ணு பாக்கப் போற வீட்ல மொதல்ல காப்பித் தட்டு வரோணும் சாமி. அப்பறந்தான் பொண்ணு." முன்பொருள் கண்ணைப் பிடிக்கவும் வேண்டும், பிடித்த கண்ணைப் பின்னால் அனுப்பவும் வேண்டும் என்று புத்தகத்தில் இரண்டு பகுதி உண்டு. தேர்வில் முதல் பகுதி மட்டும்தான் வரும்.

அந்த முதல் பகுதியில் நான் மன்னன். ஓணாங்கரடு என்ற சிறு குன்று என் பொறுப்பில் இருந்தது. கல்லூரியிலிருந்து பேருந்தில் அரைமணி நேரம். நாற்பது வாரமாக அதை நான்தான் எடுத்து வந்தேன். ஆடு ஒன்று உருண்டைப் பாறைமேல் நின்று, காது இரண்டும் வெயிலில் சிவக்க, ஏதோ பரீட்சைக்குப் படிப்பதுபோல் மென்றுகொண்டிருந்த என் முப்பத்தோராம் வாரப் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் 'இருக்கிறது' சொன்னார்கள். மாநிலத்தில் முதலிடம். துறை வாசலில் ஆட்டின் படத்தை மாட்டியிருந்தார்கள். மலை சட்டத்துக்குள் முழுதாக அடங்கவில்லை என்று கொஞ்சம் வெட்டியிருந்தார்கள்.

அந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை ராக்கியம்மாள் நின்றிருந்தாள். வேதியியல் மாணவி, எனக்கு ஓராண்டு இளையவள். வீடு ஓணாங்கரட்டின் அடிவாரத்தில். அது அவர்கள் ஆடாம், பெயர் வெள்ளச்சி. அனுமதி கேட்காமல் எடுத்ததற்குச் சண்டைபோட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் வேறு கேட்டாள்.

"நெசமாச் சொல்லு நாச்சி. நீ அவிங்க ஆளா?"

எவர்கள் ஆள் என்று கேட்டேன். என் அறியாமை அவளுக்கு நடிப்பாகப் பட்டது. தினமும் மத்தியானம் வெடிச் சத்தம் கேட்கிறதாம். அவள் வீட்டுச் சுவரில் தலையிலிருந்து கால்வரை விரிசல். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. குவாரிக்காரர்கள் கரட்டைப் பாதி தின்றுவிட்டார்கள். புகார் கொடுக்கப் போனால், போன வாரச் சான்றில் தொண்ணூற்றாறு சதவீதம் இருக்கிறதே அம்மா என்று திரையைத் திருப்பிக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரச் சான்றும் முடிந்துவிட்டால் வீட்டைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை என்று அவள் அம்மா சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அவள்மேல்தான் சந்தேகம் வந்தது. நாற்பது வாரம் அந்தக் கரட்டுக்கு முன்னால் நான் மண்டியிட்டிருக்கிறேன். பாதி காணாமல் போனால் எனக்குத் தெரியாதா? தன்யஸ்ரீ மேடமும் அதையே நினைத்தார், இன்னும் ஒரு படி மேலே போய். கரட்டைச் சந்தேகப் பட்டியலில் தள்ளப் பார்க்கும் யாரோ இந்தப் பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள் என்றார். அவள் போனபிறகு, வருகைப் பதிவேட்டில் அவள் எழுதிய பெயரையும் ஒருமுறை விரல் வைத்துப் படித்தார்.

மேசையில் நாற்பது படங்களையும் வரிசையாகப் பரப்பினேன். பொய்யை நிரூபிக்கத்தான். முதல் படத்தில் ஆவாரம்பூ. நல்ல பூ. இரண்டாவதில் மழைக்குட்டை, அதில் மேகம். மூன்றாவதில் அந்த ஸ்கூட்டர். நாற்பதையும் பார்த்து முடித்து நிமிர்ந்தபோது கரட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. மறுபடி தொடங்கினேன். மறுபடியும் பூ, குட்டை, ஆடு. ஒருமுறைகூடக் கண் பின்னால் போகவில்லை. நான் அவ்வளவு நன்றாக எடுத்திருந்தேன்.

கடைசியில் பரீட்சை அட்டையை எடுத்து ஒவ்வொரு படத்தின் கீழ்ப்பாதியையும் மறைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. முதல் படத்தில் கரட்டுக்கு இரண்டு முகடு இருந்தது. பத்தாவதில் இடப்பக்க முகடு தட்டையாகியிருந்தது. இருபதில் அது இல்லை. முப்பத்தொன்றில், ஆட்டின் சிவந்த காதுக்கு நேர் பின்னால், கத்தியால் கேக்கை வெட்டியதுபோல் ஒரு வெள்ளைச் சுவர். நாற்பதாவதில் கரடு என்பது ஒரு தோள்பட்டை மட்டும். கண்தடத்தின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாயிரம் பேர் பார்த்த இடங்கள் புள்ளிகளாகப் பதிந்திருந்தன. ஆட்டின்மேல் தேனீக்கூடு மாதிரி அப்பியிருந்தது. கரட்டின்மேல் ஒன்பது புள்ளிகள்.

மேடத்திடம் அட்டையோடு போனேன். அவரும் மறைத்துப் பார்த்தார். நிலைப்புள்ளியை இரண்டு வருடத்துக்கு முன் முப்பதடி தள்ளி வைத்தது நீங்கள்தானே என்று கேட்டேன். முன்புலம் செழிப்பாக அமையும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது என்றார். யார் கையெழுத்து? பார்க்கவில்லையாம். கடிதத்தின் தலைப்பில் அழகான ஓவியம் இருந்ததாம், அதைத்தான் பார்த்தாராம். நம்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் என்னை அதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ராக்கியிடம் போய், நீ சொன்னது உண்மை என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"முப்பத்தோராம் வாரம் அந்தப் படம் எனக்கும் வந்துச்சு," என்றாள். "எங்க வெள்ளச்சிய இப்படி அழகா எடுத்திருக்கானேன்னு பாத்துட்டே இருந்தேன். இருக்குதுன்னு அழுத்திட்டேன். வாசப்படில உக்காந்துட்டு. எனக்குப் பொறத்தாலதான் வெடி வெடிச்சுது."

அடுத்த படம் வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டும். முன்பொருளே இல்லாமல் வெட்டுப்பட்ட கரட்டை மட்டும் எடுத்து அனுப்பு என்றாள். அனுப்பினால் நான்கு நொடியில் எல்லோரும் கண்ணைத் திருப்புவார்கள். கரடு சந்தேகப் பட்டியலுக்குப் போகும். இப்போது திருட்டுத்தனமாக உடைப்பவர்கள் பிறகு பலகை மாட்டிக்கொண்டு உடைப்பார்கள். ஆட்டை வைத்து அனுப்பினால் சான்று முடியும். அவள் வீடு போகும். நான் விளக்கியதும், இதைத்தான் நீ மூன்று வருஷமாகப் படிக்கிறாயா என்று கேட்டாள். புத்தகத்தின் இரண்டாம் பகுதியை அன்றுதான் படித்தேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

வெள்ளி காலை ராக்கியையே முன்பொருளாக நிறுத்தினேன். தலைவாரிப் பூ வைத்து வந்திருந்தாள். கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னதும் முகம் மாறியது.

"ஏன், என்ர மூஞ்சிக்கு என்ன கேடு?"

"உன் மூஞ்சி தெரிஞ்சா பன்னெண்டு நொடியும் அங்கயே போயிரும்."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அவள் கொஞ்சநேரம் சந்தேகப்பட்டாள். பிறகு திரும்பி நின்றாள். பூவை எடுக்கச் சொன்னேன். கையை நீட்டிச் சுட்டிக்காட்டட்டுமா என்றாள். வேண்டாம், விளம்பரம் மாதிரி ஆகிவிடும் என்றேன். சும்மா எதையாவது தேடுவதுபோல் பார் என்றேன். தேடுவதற்கு அங்கே சுனை இருந்த இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். கழுத்து லேசாக முன்னால் நீண்டது. அவளை நடுவில் வைக்காமல் வலது ஓரத்தில் வைத்தேன். அவள் காலடியிலிருந்து ஒற்றையடிப் பாதை வளைந்து போய் வெட்டின் விளிம்பில் முடிந்தது. முதன்முறையாக என் கேமராவில் கரடுதான் பெரிதாக இருந்தது.

படம் சனிக்கிழமை காலை போனது. குழாயடியில் என் பக்கத்தில் நின்றவனுக்கும் வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டு நொடி ஆனது. பொத்தான்கள் வந்தன. அவன் அழுத்தவில்லை. நுரை முழங்கைவரை வழிந்தது.

மாலைக்குள் பெரும்பாலோர் வழக்கம்போல் பச்சையை அழுத்தியிருந்தார்கள். சிலர் 'சந்தேகம்' என்றார்கள். கால்வாசிக்கு வெகு குறைவு. ஆனால் அறுநூற்றுப் பதினொரு பேர் எதையுமே அழுத்தவில்லை. இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை, சந்தேகம் என்றும் சொல்ல முடியவில்லை. போன் பூட்டியபடியே கிடந்தது. கண்தடத்தில் அவர்களுடைய புள்ளிகள் ராக்கியின் தோளில் தொடங்கி, பாதையில் ஏறி, வெட்டில் போய் நின்றன. ஏழு நாள் காத்திருந்தும் சான்று முடியவில்லை. அப்படி நடந்தால் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை எழுதியவரே மறந்திருப்பார்.

துணை வட்டாட்சியர் யஷ்வந்த் தன் பைக்கில் வந்தார். ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும். அவரை யார் அனுப்பியிருப்பார்கள், என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நானும் ராக்கியும் அவர் சட்டைப்பையை உற்றுப் பார்த்தோம். அவர் ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு நிலைப்புள்ளியில் நின்றார். கரட்டைப் பார்த்தார். நான்கு நொடி. பார்வை கீழே இறங்கி அவர் செருப்புக்கு வந்தது. மறுபடி நிமிர்ந்தார். மறுபடியும் இறங்கியது. மூன்றாம் முறை தோற்றபின் சங்கடத்தோடு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. முன்னாடி ஏதாச்சும் இருந்தா நல்லாருக்கும். கண்ணு நிக்கமாட்டேங்குது."

அவர் கிண்டல் செய்யவில்லை. முப்பது வருடமாகத் தினமும் ஐந்து மலைகள் பார்த்தவர்.

ராக்கி முன்னால் போய் நின்றாள். அவர் கண் அவள்மேல் நின்றது. நிம்மதியாகப் பேனாவைத் திறந்தார். அவள் நடக்க ஆரம்பித்தாள். அவர் கண்ணும் பின்னாலேயே போனது. அவள் பாதையில் ஏறி ஏறிச் சிறிதாகிக்கொண்டே போனாள். சரியாகத் தெரியவில்லை என்று அவர் ஓரடி எடுத்து வைத்தார். பிறகு இன்னொன்று. உடைமரத்து முள் பேண்டில் மாட்டியது. பிய்த்துக்கொண்டு போனார். இருபது நிமிடத்தில் மேலே, வெட்டின் விளிம்பில், போவதற்கு நிலம் இல்லாத இடத்தில் அவள் நின்றாள். மூச்சு வாங்க வந்து அவரும் பக்கத்தில் நின்றார். அவருக்கு முன்னால் எதுவும் இல்லை.

என்ன எழுதுவார் என்பதில் எனக்குச் சந்தேகம்தான். பேனா கையில் இருந்தது, எழுதவில்லை. கீழே நிலைப்புள்ளியில் ஹெல்மெட்டோடு நின்ற எனக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அது வெகுநேரம் அசையவில்லை. பள்ளத்திலிருந்து வந்துகொண்டிருந்த பாறை துளைக்கும் சத்தம் மெல்லக் குறைந்து நின்றது. அங்கே வேலை செய்தவர்களும் நிமிர்ந்து மேலே பார்த்திருக்க வேண்டும்.