வெள்ளைக் கொட்டை வெளியே

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். அன்று காலை வகுப்புக்குள் நுழைந்ததும் சிவந்தது. மத்தியானம் ஆகியும் ஆறவில்லை.

எங்கள் ஊர் ஸாக்ரெபில் மறுநாள் மூளை வாரம் தொடங்குகிறது. கருவில் இருக்கும் எலிக்குட்டிக்கு மூளை எப்படி வளர்கிறது என்று எங்கள் வகுப்பு ஒரு பெரிய அட்டையில் காட்ட வேண்டும். ஊரில் உள்ள மூளை ஆய்வுக்கூடத்து வாசலில் அதை மாட்டுவார்கள். மூன்று நாள் குனிந்து அவரைக்கொட்டை ஒட்டியவள் நான், யாகொடா. முதலில் பிறந்த நரம்பணுவுக்குச் சிவப்புக் கொட்டை, உள்ளே. பிறகு பிறந்ததற்கு வெள்ளை, வெளியே.

வந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். குழுத் தலைவன் ஸ்லாவன் முந்தின நாள் மாலை பிய்த்து மாற்றி ஒட்டியிருக்கிறான்.

"அணு பிறக்கிறது உள்பக்கம்தானே? அப்ப பழசு வெளிய தள்ளப்படும். மரப்பட்டை மாதிரி. நீ தப்பா ஒட்டின, யாகொடா. நான் திருத்தினேன்" என்றான்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? என் அம்மா அந்த ஆய்வுக்கூடத்தில்தான் எலி மூளையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுகிறார். அதைச் சொன்னால், அம்மா பேரைச் சொல்லி ஜெயிக்கப் பார்க்காதே என்கிறான். இரண்டு மணிக்கு அட்டையை எடுத்துப்போக வண்டி வரும், அதற்குள் பேசி முடியுங்கள் என்று டீச்சரும் போய்விட்டார்.

நாலு அறை விடலாம் போலிருந்தது. அறைந்தால் கொட்டை இடம் மாறாதே. சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் ஓடி, சாயம் ஏற்றிய எலிக்குட்டி மூளையின் இரண்டு படங்கள் வாங்கி வந்தேன்.

தாய் எலிக்கு ஒரு நாள் சாயம் ஏற்றினால், அன்று கருவில் பிறக்கும் அணுக்கள் மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று ஸ்லாவனிடம் சொன்னேன். பிறகு அவன் விரலையே படங்களில் வைக்கச் சொன்னேன். ஒன்றில், முதல் நாட்களில் ஏற்றிய சாயம் உள்ளே இருந்தது. மற்றதில், கடைசி நாட்களில் ஏற்றியது வெளியே இருந்தது.

"அதெப்படி? பின்னால வந்தது முன்னாடி இருக்கிறதத் தாண்டுமா?"

முதலில் பிறந்த அணு நீ என்று அவனை மாடிப்படியின் முதல் படியில் உட்கார வைத்தேன். பிறகு வகுப்பையே கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறவிட்டேன். அணுக்களும் இப்படி ஒரு நீள நாரைப் பிடித்துத்தான் ஏறுமாம். எல்லோரும் அவனைத் தாண்டிப் போனார்கள். இருவர் அவன் காலை மிதித்தார்கள்.

"புரிஞ்சிடுச்சு, போதும்" என்றான்.

பசங்கள் சிரித்தார்கள். அவன் தனியாக உட்கார்ந்து நகத்தால் கொட்டைகளைப் பெயர்த்தான். அவனே கிடந்து ஒட்டட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது என் அட்டையும்தான். எதிரே உட்கார்ந்து பசையைத் திறந்தேன்.

மணி இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தபோது ஒரு வெள்ளைக் கொட்டைதான் பாக்கி, அவன் கையில்.

"கோபம் போச்சா?"

"போகல. அத நான்தான் ஒட்டுவேன், கொடு."