ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கண்ணாடிக்காரனும்

டொக்கென்று மேஜைமேல் வந்து விழுந்தது ஒரு பழைய ஷவர். துளைகள் எல்லாம் உப்புப் பூத்து, வெள்ளை வெள்ளையாய் அடைந்து கிடந்தது.

அவள் நிமிர்ந்தாள். முதலில் தெரிந்தது மழையில் நனைந்த சட்டை. அப்புறம் கோபத்தில் இறுகிய ஒரு தாடை. அதற்கும் அப்புறம்... அந்தக் கண்கள். கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சம் வானம் தெரியுமே, அப்படி இருந்தன. கறுப்புதான். ஆனால் உள்ளே எங்கேயோ வெளிச்சம்.

"இதுக்கு ஒரு வழி பண்ணுங்க மேடம்," என்றான் அவன். "எங்க வீட்ல கிணத்துத் தண்ணி. குழாய்க்குக் குழாய் ஒண்ணு மாட்டற வேலையெல்லாம் வேண்டாம். வீடு முழுக்க ஒரே ஃபில்டர். உங்ககிட்ட இருக்கறதுலயே பெருசு எதுவோ அதக் குடுங்க."

சுவரோரம் நின்ற நீல நிறத் தொட்டியை அவனே கையைக் காட்டித் தேர்ந்தெடுத்தும் விட்டான். அது அவன் உயரத்துக்கு இருந்தது.

"வீட்ல எத்தனை பேரு சார்?"

"நானும் அம்மாவும்."

"ரெண்டு பேருக்கு இதா? இது ஹாஸ்டலுக்குப் போடறது."

"பெருசாப் போட்டா நல்லதுதானே? நாளைக்கே வீட்டுக்கு இன்னும் ஆள் வரலாம்ல..."

"ஒரு ஹாஸ்டல் நிறையவா வருவாங்க?"

உள்ளறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா இருமினார். கடை அவருடையது. வாய் அவளுடையது. அந்த வாயால் ஓடிப்போன வாடிக்கையாளர்களைப் பற்றி அவர் வீட்டுக்கு வீடு சொல்லிப் புலம்புவார். அதே வாயை நம்பித் திரும்பி வந்தவர்களைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்.

"மேடம், காசு குடுக்கப் போறது நான்."

"தண்ணி குடுக்கப் போறது உங்க கிணறு. அதச் சோதிக்காம இங்கேர்ந்து ஒரு மெஷினும் வெளிய போகாது." அவள் பார்வை அவன் சட்டைப் பையில் நின்றது. விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர், கூடவே மெத்தென்று ஒரு துடைக்கும் துணி. "கண்ணாடிக் கடை வெச்சிருக்கீங்களா?"

அவன் திகைத்தான். "ஆமா..."

"கண்ணச் சோதிக்காமக் கண்ணாடி குடுப்பீங்களா?"

அவன் சிரித்தான் பாருங்கள்... கோபம் போன இடம் தெரியவில்லை.

"சரி, நானே ஒரு பாட்டில்ல புடிச்சிட்டு வரேன்."

"ஐயோ வேண்டாம்! எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்கற குழாய்ல புடிச்சிட்டு வந்து நிப்பாங்க. கிணத்துத் தண்ணிய பம்புப் பக்கத்துலயேதான் புடிக்கணும். உள்ள புடிச்சா உங்க வீட்டுப் பைப்போட அழுக்கும் சேந்து வந்து ஏமாத்திடும். நாளைக்கு நானே வரேன்."

"கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடி போடலையேன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க கேக்கல," என்றான் அவன், போகிற போக்கில்.

"மிட்டாய்க் கடைக்காரர் எல்லாம் குண்டாவா இருக்காங்க?"

அவன் போன பிறகும் வாசலில் மழை பெய்துகொண்டே இருந்தது. இவ்வளவு நேரமும் தான் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறோம் என்பது கன்னம் வலித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் மழை இன்னும் கொட்டியது.

கதவைத் திறந்தது அவனுடைய அம்மா. ஓய்வுபெற்ற நர்ஸ். வார்டை விட்டு வந்தாலும் வார்டு அவரை விடவில்லை. சோபா உறைகூட மூலை மடித்து இறுக்கப்பட்டிருந்தது. வந்தவளை உட்காரக்கூடச் சொல்லாமல் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்துக் காட்டினார்.

"பாரும்மா. புதுசு. டீயக் கொட்டின மாதிரி இருக்கா இல்லையா? நான் இவன்கிட்ட சொல்லிட்டேன்... இந்தத் தண்ணி சரியாகலன்னா பெரியவன் வீட்டுக்குப் போயிடுவேன்."

"சரியாயிடும்மா," என்றாள் அவள். நம்பிக்கையாகத்தான் சொன்னாள். அப்படிச் சொல்லிச் செய்யாமல் விட்டதில்லை.

பாட்டிலை எடுத்துக்கொண்டு தோட்டக் கதவை நோக்கி நடந்தாள். நடைவழியில் வாஷ்பேசின். அங்கே அவன், சட்டைக் கையை மடித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு நின்றான். பக்கத்து ஜன்னலின் மழை வெளிச்சம் அவன் முகத்தில் அசைந்தது. இமையில் ஒரு துளி... விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது.

"கடைக்குப் போகலையா?"

"போகணும்," என்றான், போகிறவன் குரலே இல்லாமல். "மூடியக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன்."

மூடியைக் கொடுத்தாள். குழாயைத் திறந்தாள். பாட்டில் நிறைந்தது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மறுபக்கத்திலிருந்து அவன் குனிந்து பார்த்தான். தண்ணீருக்குள் அவன் கண்கள் பெரிதாய், மிக அருகில்...

"லேசாக் கலங்கியிருக்கு," என்றான் மெதுவாக.

"தண்ணிதானே?"

"...தண்ணியும்தான்."

அவள் சட்டென்று மூடியைப் பிடுங்கித் திருகினாள். வீடு திரும்பும் வழியெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த ஸ்விட்ச்தான் அகப்படவில்லை.

சோதனையில் உப்பு அதிகம். இரும்பு அதைவிட அதிகம். அவள் உட்கார்ந்து தேர்வு செய்தாள். மண்ணையும் துகளையும் பிடிக்க முன்னால் ஒரு வடிகட்டி. அடுத்து இரும்பை எடுக்கும் தொட்டி. அதற்கடுத்து உப்புத் தன்மையை மாற்றி நீரை மென்மையாக்கும் தொட்டி. ஒரே நேரத்தில் இரண்டு குளியலறையும் சமையலறையும் திறந்தாலும் வேகம் குறையாத அளவு. ஹாஸ்டல் அளவு இல்லை. அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டினான். பிறகுதான் கேள்விகள் ஆரம்பித்தன. தொட்டிக்கு எந்த உப்புப் போட வேண்டும், எந்த ஊர் மண்ணில் எந்த நிறம் வரும், வெயிலில் வைக்கலாமா... ஃபோனில் கேட்க வேண்டியதற்கெல்லாம் நேரில் வந்தான்.

"இந்த ஆளுக்கு ஃபில்டரா வேணும்?" என்றார் சித்தப்பா.

"வாடிக்கையாளர் சித்தப்பா. சந்தேகம் கேக்கறாரு."

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு."

தொட்டிகளைப் பொருத்துவதற்கு முன்பு ஒரு மாலை அவன் சொன்னான்: "அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீங்க சொன்னா சொன்னதுதான், தப்பே வராதுன்னு." அதைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அழகாக இருக்கிறாய் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் மகிழ்ந்து மறந்திருப்பாள். இது வேறு. அவள் எதைத் தன் முகம் என்று நினைத்தாளோ, அதை அவன் சரியாகப் பார்த்திருக்கிறான். இதை மட்டும் இழந்துவிடக் கூடாது என்று அன்று முதன்முதலாகப் பயந்தாள்.

கடை ஆட்கள் போய்த் தொட்டிகளைப் பொருத்தினார்கள். சோப்பு நன்றாக நுரைத்தது. ஷவர் அடைக்கவில்லை. ஆனால்... செந்நிறம் போகவில்லை.

அவன் கடைக்கு வந்து நின்றான். அன்று கேள்வி எதுவும் கொண்டுவரவில்லை.

"அம்மா பெட்டி கட்டிட்டிருக்காங்க. 'உன் தண்ணிப் பொண்ணு நல்லா வித்துட்டுப் போயிட்டா, இனிமே அவ இந்த வாசப்படி ஏறக் கூடாது'ங்கறாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நான் நம்பல. உங்க பக்கம் தப்பு இருக்காது. வேற ஏதோ காரணம் இருக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அவன் பின்னாலேயே ஸ்கூட்டரில் போனாள். வாசல்படி ஏறவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகத் தோட்டத்துக்கு, பம்புக்கு. அங்கே, ஃபில்டருக்கு முன்னாலேயே இருந்த சின்னக் குழாயைத் திறந்து நீரைச் சற்று ஓடவிட்டாள். கண்ணாடிக் குப்பியில் பிடித்து மருந்துத் துளிகளை விட்டாள். இரும்பு இருந்தால் சிவக்க வேண்டும்.

சிவக்கவில்லை. கிணற்று நீர் அப்படியே, குழந்தையின் சிரிப்பு மாதிரி, ஒரு களங்கமும் இல்லாமல் நின்றது.

அவள் குப்பியைப் பார்த்தாள். பம்பைப் பார்த்தாள். இந்த இடத்துக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

முதல் தடவை!

அன்று அவள் குழாயைத் திறந்தது வாஷ்பேசினில். இரும்பு கிணற்றில் இல்லை. வீட்டுச் சுவருக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய பைப்பில் இருந்தது. ஃபில்டரைத் தாண்டிச் சுத்தமாக உள்ளே போகும் நீர், பைப்பில் துருவைக் கழுவிக்கொண்டு வந்து விரிப்பில் கொட்டுகிறது. எவனிடம் அத்தனை வாய் பேசினாளோ, அவன் வீட்டிலேயே... அவன் கண்ணெதிரிலேயே.

சித்தப்பாவுக்கு ஃபோன் செய்தாள். அவர் பதறவில்லை.

"இதுல என்ன இருக்கு? வீட்டுப் பைப்பு பழசு, அதான் காரணம்னு சொல்லு. பொய்யா அது? உண்மைதானே?"

உண்மைதான். பாதி உண்மை. அதைச் சொன்னால் அவன் முகம் மலர்ந்துவிடும். 'பாத்தியாம்மா, நான் சொன்னேன்ல' என்பான். அந்த வெளிச்சம் அப்படியே இருக்கும்... ஆனால் அது யார்மேல் விழும்? தப்பே செய்யாத ஒருத்திமேல். அப்படி ஒருத்தி இல்லை. இல்லாதவளைக் காதலிக்கவிட்டு, காலமெல்லாம் அவளுக்குப் பக்கத்தில் தான் நின்று வேடிக்கை பார்ப்பதா? அவளுக்கு அந்த எண்ணமே பிடிக்கவில்லை. பிடித்தால் என்னைப் பிடிக்கட்டும். இல்லையென்றால் வேண்டாம்.

குப்பியைக் கையில் ஏந்தி, தோட்டக் கதவு வழியாக உள்ளே போனாள்.

கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. அம்மா புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"தப்பு என்னோடதும்மா," என்றாள். குரல் நடுங்கவில்லை. "உங்க கிணத்துல இரும்பே இல்ல. உள்ள இருக்கற பைப்பு துருப்பிடிச்சிருக்கு. சாம்பிள் எடுக்க வேண்டிய எடம் பம்பு. நான் வாஷ்பேசின்ல எடுத்துட்டேன். சரியா எடுத்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். உங்க விரிப்பும் தப்பிச்சிருக்கும்."

அவன் முன்னால் வந்தான். "அம்மா, அன்னிக்கு நல்ல மழை, அதனாலதான்..."

"மழை இல்ல," என்று அவனை நிறுத்தினாள். "இதவிடப் பெரிய மழையில நனைஞ்சுக்கிட்டு எடுத்திருக்கேன்."

அம்மா மடிப்பதை நிறுத்தினார். நோயாளியின் சார்ட்டைப் பார்ப்பதுபோல் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"வார்டுல எத்தனை பொண்ணுங்களப் பாத்திருக்கேன். வேலை தெரியாதவ தப்புப் பண்ணினா சொல்லிக் குடுப்பேன். தெரிஞ்சவ பண்ணினா ஒண்ணுதான் கேப்பேன். கவனம் எங்கம்மா போச்சு?"

அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"இவர் அங்க நின்னுட்டிருந்தாரு."

சொன்னது சொன்னதாயிற்று, இனி பாதியில் நிற்பானேன்? அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"உங்களப் பாத்துக்கிட்டே குழாயத் திறந்துட்டேன். எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. அது வேற. பைப்ப மாத்தறது வேற. ரெண்டையும் கலக்க வேண்டாம். நீங்க என்ன பதில் சொன்னாலும் அந்த இரும்பு எடுக்கற தொட்டிய நாங்களே கழட்டி எடுத்துக்கறோம். தேவையில்லாதத வித்தது எங்க தப்பு."

அந்தக் கண்கள்... ஐயோ, இப்போது பார்க்கக் கூடாது. அவள் குப்பியையே பார்த்தாள்.

"டேய்," என்றார் அம்மா.

"அம்மா?"

"அன்னிக்குக் கடையத் தொறக்காம அங்க நின்னு என்னடா பண்ணிட்டிருந்த?"

"கை... கழுவிட்டிருந்தேன்."

"எவ்வளவு நேரமா?"

அவன் காது மடல் சிவந்தது. "இவங்க வர்ற வரைக்கும்."

அம்மாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பை அடக்கத் தெரியாதவர் அல்ல. ஆனாலும் கொஞ்சம் கசிந்துவிட்டது. பெட்டியிலிருந்து புடவைகளை அள்ளினார்.

"ஏம்மா, பைப்பு மாத்தி முடியற வரைக்கும் என் விரிப்பெல்லாம் உங்க வீட்ல தோச்சுக் குடுத்துடு. உங்க வீட்டுத் தண்ணியாவது ஒழுங்கா இருக்கா?"

"நல்லாருக்கும்மா."

"எந்தக் குழாய்ல பாத்த?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் புடவைகளோடு உள்ளே போனார்.

கூடத்தில் இருவரும் நின்றார்கள். அவன் ஓரடி வைத்தான். இன்னும் ஓரடி.

"ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னீங்க... அப்போ தனித்தனியா பதில் சொல்லணுமா?"

"ஆமா."

"பைப்புக்கு சரி. நாளைக்கே மாத்திடலாம்."

"ம்..."

அவள் நிமிர்ந்தாள். இந்தத் தடவை அவன் கண்களை நேராகவே பார்த்தாள். கலங்கலும் இல்லை, கூச்சமும் இல்லை.

"இன்னொண்ணுக்கும் சரி," என்றான் அவன். "அத மட்டும் எப்பவும் மாத்த வேண்டாம்."