அழைத்ததும் வந்தது

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று சாயந்தரம், விஜயகலா யாரிடமும் சொல்லாமல் மேல் லயத்துக்கு ஏறிப்போனாள்.

லயம் என்று இப்போது அங்கே ஒன்றுமில்லை. போன வருஷ மழைக்கு மலை சரிந்து, அவர்கள் குடியிருந்த அந்தத் தோட்ட வரிசை வீடுகளை மொத்தமாக மூடிவிட்டது. அவளும் புருஷன் ஏழுமலையும் யட்டியாந்தோட்டைக்கு மருந்து வாங்கப் போயிருந்த நேரம். காய்ச்சலோடு படுத்திருந்த மகள் நிலுக்ஷி உள்ளேயே போய்விட்டாள். எவ்வளவோ தோண்டியும் உடம்பு கிடைக்கவில்லை.

வீடு மாறியது பிள்ளைக்குத் தெரியாதே, தேடி வந்து இருட்டில் தடுமாறுமே என்ற நினைப்பு காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மண்மேட்டில் புல் முளைத்திருந்தது. ரப்பர் மரங்களுக்கிடையே இருள் இறங்கியது. அவள் குனிந்து மண்ணில் கை வைத்தாள்.

"நிலு, நாங்க கீழ புது வீட்டுக்குப் போயிட்டோம். அம்மாகூட வந்துரு."

சில்வண்டுகளின் சத்தம் சட்டென்று நின்றது.

"அம்மா."

மகளின் குரலேதான். ஆனால் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்த அந்தப் பிள்ளைக்கு வாய் திறந்தால் 'அம்மே'தான். 'அம்மா' என்று சற்று முன் சொன்னது விஜயகலாதான்; அதைத்தான் அது திருப்பிச் சொல்லியது.

திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

பின்னால் சேற்றில் சின்னக் கால்கள் பதியும் சத்தம்.

அவள் நின்றால் அதுவும் நின்றது.

வாசலில் நின்ற ஏழுமலை டார்ச் அடித்தான். அவளுக்குப் பின்னால் யாருமில்லை. சேற்றில் கால்தடங்கள் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்தபடி வந்தன.

"அது நம்ம புள்ள இல்ல, கலா," என்றான். "கதவ சாத்து."

"தெரியுங்க," என்றாள் விஜயகலா. அவளுடைய கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "ஆனா அவ கொரல்ல பேசுதுங்க."

கதவைச் சாத்த நீண்ட அவன் கையை அவள் பிடித்துத் தடுத்தாள்; கால்தடங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே போயின. அன்றிலிருந்து ஏழுமலை தன் தம்பி வீட்டில்தான் படுக்கிறான்.

ஒரு கிழமை கழித்து, அதே மண்சரிவில் மகன் கிருஷ்ணகுமாரைப் பறிகொடுத்த இருளாயி, விஜயகலாவுக்குப் புத்தி சொல்ல வந்தாள். புருஷனோடு போய் இரு, இந்த வீட்டைப் பூட்டிப்போடு என்று வாசலில் நின்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளறையிலிருந்து ஓர் இளந்தாரியின் குரல் களைப்போடு கேட்டது.

"யம்மா... மண்ணு கண்ணுல விழுந்துருச்சு."

மகனின் குரல் கேட்டு இருளாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். விஜயகலா வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

இருளாயி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.