பனிக்குப் போட்ட துணி

நான் நல்லதுதான் செய்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பாதியிலேயே என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

என் பெயர் விஜி. வயது பத்து. அஜ்மானில் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட துபாயில் டியூட்டி. விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். வீட்டில் மிச்சம் அம்மா, நான், ஏழு வயதுத் தம்பி விமல்.

எங்கள் அம்மாவுக்குப் பனி என்றால் ஆகவே ஆகாது. குளிர்காலம் வந்தால் போதும், "பனி இறங்குதுடி, தலையில துணியைக் கட்டு" என்று பாட்டுப் பாட ஆரம்பித்துவிடுவார். மொட்டை மாடியில் காய்கிற துணிகளைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். பனியில் நனைந்த துணியைப் போட்டால் சளி பிடிக்குமாம். துணி எடுப்பது என் வேலை.

அந்தச் சனிக்கிழமை அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்ததும்தான் ஞாபகம் வந்தது. அம்மா எழுவதற்குள் மாடிக்கு ஓடினேன். ஒரே மூடுபனி. எதிர்க் கட்டடத்தையே காணோம். எங்கள் துணிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கொடியில் ஒரே ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. மூலையில் பச்சை நூலில் மூன்று இலை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நெஸ்ஸா தைத்தது.

நெஸ்ஸா எங்கள் எதிர்வீட்டுப் பெண். அயர்லாந்துக்காரி. என் வகுப்புதான். அவள் அம்மா ஓர்லா ஆன்ட்டி அன்று மத்தியானம் மூன்று மணி விமானத்தில் ஊருக்குப் போகிறார். நெஸ்ஸாவின் சித்திக்கு முதல் பிரசவம். 'பெட்டி கட்டுற அவசரத்துல இதை எடுக்க மறந்துட்டாங்க போல. பாவம், என்னை மாதிரியே' என்று நினைத்தேன்.

அதையும் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சத்தமில்லாமல் மெஷினில் போட்டேன். சோப்புத் தூளும் வாசனைத் திரவமும் ஊற்றினேன். அரை மணி நேரத்தில் துவைத்துக் கொடுத்தது. வெள்ளைத் துணியை மட்டும் முதலில் இஸ்திரி போட்டுக் காயவைத்து, நாலாக மடித்தேன். கையில் வைத்தால் இளஞ்சூடாக, இட்லித் துணி போல இருந்தது. எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

ஏழு மணிக்கு எதிர்வீட்டு மணியை அடித்தேன். விமலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டான்.

நெஸ்ஸாதான் கதவைத் திறந்தாள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"இந்தா. மாடியிலேயே விட்டுட்டீங்க. துவைச்சு இஸ்திரியே போட்டுட்டேன்" என்றேன்.

அவள் துணியை வாங்கினாள். தடவிப் பார்த்தாள். முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று.

"துவைச்சிட்டியா?"

"வாசனைகூட வருது பாரு."

அவ்வளவுதான். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "நேத்து ராத்திரி அதை நாங்க வேணும்னுதான் வெளியே போட்டோம் விஜி. பனி படணும்னுதான் போட்டோம்."

பனி படணுமா? அம்மா கேட்டால் மயங்கியே விழுவார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அவள் சொன்னாள். அவர்கள் வீட்டில் அயர்லாந்தின் பழைய தெய்வங்களைத்தான் கும்பிடுவார்கள். அதில் ஒருத்தி ப்ரீட். பசுவுக்கும் பாட்டுக்கும் அடுப்பு நெருப்புக்கும் பிள்ளை பெறுகிற தாய்மாருக்கும் அவள்தான் காவல். வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி, பிப்ரவரி முதல் தேதி விடிவதற்குள், ஊரெல்லாம் சுற்றி வருவாள். வாசலில் போட்டிருக்கிற துணிகளைத் தொட்டுவிட்டுப் போவாள். அவள் தொட்ட அடையாளம்தான் பனி. அந்தத் துணியைப் பிரசவத்தின்போது பக்கத்தில் வைத்தால் பயமே இருக்காது.

"நான் பிறந்தப்போ எங்கம்மா கையிலயும் இப்படி ஒரு துணிதான் இருந்துச்சு. சித்தி ரொம்ப பயப்படுறாங்க. இந்தத் தடவை துணியை நான்தான் போடுவேன்னு கேட்டு வாங்கினேன். அம்மா என்னை நம்பிக் கொடுத்தாங்க."

உதவி செய்கிறேன் என்று ஒரு தெய்வத்தையே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேனே.

விமல் மெதுவாக வாயைத் திறந்தான். "உங்கம்மா சூனியக்காரங்களா?"

"டேய்" என்று அவன் தொடையில் கிள்ளினேன்.

நெஸ்ஸா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். "அம்மாவே விளையாட்டா அப்படிச் சொல்லிக்குவாங்க. மூலிகைத் தைலம் காய்ச்சுவாங்க. அமாவாசை, பௌர்ணமி பார்ப்பாங்க."

"அதை எங்கம்மாவும்தானே பார்க்கிறாங்க" என்றான் விமல். "உங்கம்மா பறப்பாங்களா?"

"மூணு மணிக்குப் பறப்பாங்க. டிக்கெட் இருக்கு."

சிரித்து முடித்ததும் அவள் முகம் மறுபடி வாடிவிட்டது. "விடிஞ்சிருச்சு விஜி. ப்ரீட் போயிட்டா. இனிமே அடுத்த வருஷம்தான்."

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் யோசித்தேன். வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் தலைக்குள் எப்போதும் இரண்டு கடிகாரம் ஓடும். எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாவுக்கு ஆறு மணிக்கு விளக்கு ஏற்றினால், அம்மா இங்கே நாலரைக்கே ஏற்றிவிடுவார். வெளியே வெயில் கொளுத்தும். "சாமி ஊர்லதானே இருக்கு, ஊர் நேரம்தான் கணக்கு" என்பார்.

"நெஸ்ஸா, அயர்லாந்துல இப்ப மணி என்ன?"

விரல் விட்டு எண்ணினாள். "நாலு மணி நேரம் பின்னாடி. அங்க மூணு, மூணேகால்."

"பகலா, ராத்திரியா?"

"நல்ல ராத்திரி."

"அப்போ ப்ரீட் இன்னும் சுத்திக்கிட்டுத்தானே இருப்பா? அங்க விடிஞ்சாத்தானே அவ வீட்டுக்குப் போவா?"

நெஸ்ஸா என்னையே பார்த்தாள். பிறகு துணியை உதறிப் பிரித்துக்கொண்டு படியேறினாள். நானும் விமலும் பின்னால் ஓடினோம். லிஃப்டைக்கூட யாரும் நினைக்கவில்லை.

மாடியில் மூடுபனி அப்படியே இருந்தது. ஆனால் கிழக்கே ஒரு மூலையில் லேசாக மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. கொடியில் போட்டால் நேரமாகும் என்று, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் துணியை விரித்து நின்றோம். விமலுக்கு ஒரு முனை, எனக்கு ஒன்று, நெஸ்ஸாவுக்கு இரண்டு.

"விஜி! பனியில என்னடி பண்றீங்க?"

அம்மா. தலையில் துண்டு, கையில் கரண்டி. விமலைக் காணாமல் தேடி வந்திருக்கிறார்.

நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். துணி எடுக்க மறந்தது, துவைத்தது, ப்ரீட், சித்தி, மூன்றேகால் மணி எல்லாம். திட்டு விழட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தலைப் பிரசவமா?" என்று கேட்டார் அம்மா.

"ஆமா."

அம்மா கரண்டியைத் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்தார். தலைத் துண்டை அவிழ்த்து விமல் தலையில் கட்டினார். நெஸ்ஸாவிடமிருந்து ஒரு முனையை வாங்கிக்கொண்டார்.

"நல்லா இழுத்துப் பிடிங்க. தொங்குது பாரு" என்றார்.

நாலு பேரும் நின்றோம். அம்மாவின் முடியில் பனி முத்து முத்தாக உட்கார்ந்தது. அவர் துடைக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் என் கைப்பக்கம் துணி ஈரமாயிற்று. பிறகு நடுவிலும் ஈரம். பிறகு கனத்துத் தொய்ந்தது. நெஸ்ஸா அவர்கள் மொழியில் ஏதோ மெதுவாகப் பாடினாள். அர்த்தம் தெரியாவிட்டாலும் எங்கள் அம்மா தலையை ஆட்டினார்.

எட்டரைக்கு வெயில் வந்தது. ஓர்லா ஆன்ட்டியும் வந்தார். நெஸ்ஸா மறைக்காமல் சொன்னாள். நானும் மன்னிப்புக் கேட்டேன்.

ஆன்ட்டி ஈரத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ப்ரீட் இந்த ஊர் நேரத்துக்கு ஒரு தடவை வந்திருக்கா, எங்க ஊர் நேரத்துக்கு ஒரு தடவை வந்திருக்கா. என் தங்கைக்கு ரெண்டு பங்கு" என்று சொல்லி என்னை அப்படியே அணைத்துக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் அம்மாவுக்குத் தும்மல். யார் மேலும் பழி போடவில்லை. ஆனால் தினமும் காலையில், "ஃபோன் வந்துச்சாடி?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை, ஸ்கூல் பஸ்ஸில் போகும்போது வந்தது. நெஸ்ஸா ஃபோனைப் பார்த்தாள். இருக்கையிலிருந்து எழுந்தே விட்டாள்.

"பெண் குழந்தை! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க! சித்தி துணியைக் கையிலிருந்து விடவே இல்லையாம்!"

நான் கை தட்டினேன். விமல் என்னைவிடப் பலமாகத் தட்டினான். எதற்கு என்று தெரியாமலேயே பஸ் முழுக்கக் கை தட்டியது.

டிரைவர் நாகலிங்கம் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "என்ன, யாருக்காவது பர்த்டேயா? எத்தனை வயசு?"

"வயசு இன்னும் ஆரம்பிக்கலண்ணே" என்றேன். "இப்பத்தான் வந்திருக்கா."