நான்காம் கட்டத்துக் கிணறு

காப்பாளர் அக்கா வரும்போதே அழுது முடித்திருந்தார்.

"எங்க இணையக் காப்பகத்துல நாலாயிரம் பழைய வீடியோ கேம் இருக்கு சார். ஒவ்வொண்ணும் முதல்ல வெளிவந்த மாதிரியே, அதோட பிழையும் சேர்த்து. அதுல ஒண்ணை யாரோ மாத்தி வெச்சுட்டாங்க. உலகத்துல மிச்சம் இருந்த ஒரே பிரதி அதுதான். விஷயம் வெளிய தெரிஞ்சா மிச்சத்தை யாரு நம்புவா?"

துப்பறிவாளருக்கு நிதானம் என்றும், அவருடைய மச்சானுக்கு அவசரம் என்றும் தெருவே பெயர் வைத்திருந்தது. "உள்ளே போற பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்கு?" என்றார் நிதானம்.

"என்கிட்ட. அந்த கேமை எழுதின புரோகிராமர்கிட்ட. படம் வரைஞ்ச ஓவியர்கிட்ட. ரெண்டு பேரும் முப்பது வருஷ சிநேகிதங்க."

அக்கா மடிக்கணினியில் திறந்து காட்டிய விளையாட்டைப் பார்த்ததுமே அவசரம் துள்ளினான். சின்ன வயதில் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு அந்த விளையாட்டு. "அத்தான், வாசல்ல நொண்டிக்கிட்டே வர்ற காவல்காரனைக் காணோம்! உதைச்சா பத்துப் புள்ளி."

அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஓவியர் இடது காலை இழுத்துத்தான் நடப்பார்."

"அப்ப அவரேதான்! யாருக்குத்தான் ரோஷம் வராது?"

நிதானம் விளையாடிக்கொண்டே போனார். நான்காம் கட்டத்தில் ஒரு கிணற்றைத் தாண்டிக் குதித்தார்.

அவசரம் விழித்தான். "கிணத்தைத் தாண்டினா கேம் அப்படியே உறைஞ்சுடுமே! நாங்கல்லாம் சுத்திக்கிட்டுதான் போவோம்."

"அப்படியா?" என்ற நிதானம் நாற்காலியில் சாய்ந்தார். "நாளைக்குக் காலையில ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்கம்மா."

மறுநாள் அவர் சுற்றி வளைக்கவில்லை. "காவல்காரனை எடுக்கக் காரணம் இருக்கு. கிணத்தைச் சரி பண்ண யாருக்கு என்ன காரணம்? அது படத்துல இருக்கிற பிழை இல்ல, எழுதின கணக்குல இருக்கிற பிழை. முப்பது வருஷமா மனசை உறுத்தின தன் பிழையைக் கண்ணெதிர பார்த்துட்டு, எழுதினவரால சும்மா விட முடியல."

புரோகிராமர் தலை கவிழ்ந்தது. "என் பேத்தி விளையாடினா. உதைச்சுக்கிட்டே, 'இது ஓவியர் தாத்தாதானே?'ன்னு கேட்டா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. காவல்காரனை எடுத்துட்டேன், கையோட கிணத்தையும் சரி பண்ணிட்டேன்."

ஓவியர் அவரையே பார்த்தார். "காவல்காரனை வரைஞ்சது நான்தானடா. நடந்து காட்டுன்னு சொன்னே, எல்லார் முன்னாடியும் நடந்து காட்டினேன். நீங்க சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன். இப்ப அழிச்சுட்டா நான் நடக்கவே இல்லைன்னு ஆயிடுமா? திருப்பிப் போடு. கீழே நம்ம ரெண்டு பேர் பேரையும் போட்டு, நடந்ததை எழுது."

புரோகிராமர் சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். அசலைத் தூக்கியெறிய அவருக்கு மனம் வரவில்லை. அதைக் கணினியில் செருகினார்.

ஓவியர் அவசரத்தின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களும் விளையாடியிருப்பீங்க. உதைச்சே எவ்வளவு புள்ளி எடுத்தீங்க?"