அதது இடத்துல

அச்சகத்துக்குள் அவன் நுழைந்தபோது பிற்பகல் மூன்று மணி. அவன் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் அவனுக்கு 'நிதானம்' என்று பெயர். தலை போனாலும் வேலையைப் பாதியில் விடமாட்டான். உள்ளே மை வாசனை, காகிதக் கட்டுகள். மூலையில் காகிதம் வெட்டும் பெரிய மிஷின். அதன் கத்தி மட்டும் தேய்த்துக் கழுவியதுபோல் பளபளத்தது.

"கம்ப்யூட்டர் ஆமையா நகருதுங்க," என்றார் அச்சகக்காரர். "அண்ணன்தான் இதையெல்லாம் பாத்துப்பாரு. வெளியூர் போனவரு, போனே எடுக்கல."

நிதானம் வேண்டாத கோப்புகளை அழித்தான். ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்தான். டிஸ்க்கில் சிதறிக் கிடந்த கோப்புகளைச் சேர்க்கும் வேலையை ஓடவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான். திரை முழுக்கச் சிவப்புக் கட்டங்கள்.

"பழுது ஒண்ணுமில்ல சார். ஒண்ணா இருக்க வேண்டியதைத் துண்டு துண்டாக்கி, கண்ட இடத்துல போட்டு வெச்சிருக்கு. தேடிப் பிடிச்சு அதது இடத்துல சேத்துட்டா சரியாயிடும்."

அச்சகக்காரர் கையிலிருந்த டம்ளர் நழுவியது.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? அதான் சிவப்பா தெரியுதே."

அவர் போய்க் கதவைத் தாழிட்டார்.

"நிறுத்து."

"பாதியில நிறுத்தக் கூடாதுங்க. சேந்ததுகூடக் கெட்டுடும்."

பத்து சதவீதம். டிஸ்க் கரகரத்தது.

மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஏதோ முட்டியது.

முப்பது. காகிதக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து அழுகல் நாற்றம்.

இரும்புச் சட்டம் அவன் இடது தோளில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. அச்சகக்காரர் அவன் தலைமுடியைப் பற்றித் தரதரவென்று இழுத்துப் போய், மிஷின் மேடையில் கழுத்தை வைத்து அழுத்தினார்.

"ஐயா... சாயங்காலம் பொண்ணைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டு வரணும்யா..."

"எனக்கு ஒரு வேலையும் தெரியாதுன்னுட்டே இருந்தாரு எங்கண்ணன்," என்றார் அவர், மூச்சிரைக்க. "இதை ஓட்டத் தெரிஞ்சுதா இல்லையா?"

எழுபது. மாடிப்படிகளில் ஈரமாக ஏதோ இறங்கியது. ஒன்றல்ல, பல. ஊர்ந்தும் உருண்டும்.

தொண்ணூறு.

கதவிடுக்கில் ஒரு கை நுழைந்தது. கை மட்டும்.

நூறு.

"தம்பி," என்றது ஒரு குரல், வெகு அருகில். "அவரை விடுடா."

கழுத்தில் இருந்த பிடி தளர்ந்தது. நிதானம் மேசைக்கடியில் உருண்டு கண்களை இறுக மூடிக்கொண்டான். முதல் வெட்டில் அலறல் தொடங்கியது. நான்காவதில் அடங்கியது.

வெட்டு அடங்கவில்லை.

பதினொன்று வரை எண்ணினான்.

அலறல் கேட்டவர்கள் அழைத்து, போலீஸ் கதவை உடைத்தபோது, அண்ணன் நாற்காலியில் முழு உடம்பாக உட்கார்ந்திருந்தார். செத்து மூன்று வாரம் இருக்கும் என்றார்கள். ஒரு தையல்கூட இல்லை. தம்பியைத்தான் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது.

"சாட்சிக்கு வேணும். அந்த டிஸ்க்கைக் கழட்டிக் குடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒற்றைக் கையால் திருகாணிகளைக் கழற்றி, வயர்களைப் பிடுங்கி, டிஸ்க்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

சூடாக இருந்தது. கரகரவென்று சுழல ஆரம்பித்தது.

தம்பியைப் பொறுக்கிச் சுவரோரம் கட்டி வைத்த சாக்குகளில் ஒன்று, மெல்ல, பக்கத்துச் சாக்கை நோக்கி நகர்ந்தது.